சோகைக்கெல்லாம் இரும்பு மருந்தாகுமா?



குருதிச்சோகை என்பது தனியொரு நோயன்று. செங்குருதிக் கலங்களுக்குள் இருந்துகொண்டு நுரையீரலிலிருந்து ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்லும் ஈமோகுளோபின் என்ற புரதம் குறைந்துபோன நிலை அது. ஒரு டெசிலீற்றர் குருதியில் அப்புரதம் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும் கீழே இறங்கினால் சோகை என்பது உலக சுகாதார நிறுவனம் நீண்டகாலமாகக் கொண்டிருக்கும் பொது அளவு. எதனால் இறங்கியது என்பதை அந்த எண் சொல்வதில்லை. ஆயினும் எண்ணைக் கண்டவுடனே இரும்புச்சத்து மாத்திரையைத் தேடும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. இவ்வுரை அந்தப் பழக்கத்தோடுதான் வழக்காடுகிறது.

பழக்கத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை இருப்பதாகக் கண்டது. மாதவிடாயில் மிகுதியாகக் குருதி போவதும், அடுத்தடுத்து வரும் பேறுகளும், குடலில் ஒட்டிக் குருதி உறிஞ்சும் கொழுக்கிப்புழுவும், சாப்பாட்டோடு கூடவே அருந்தும் தேநீரும் உடலின் இரும்பைக் குறைக்கின்றன. ஆனால் ஐம்பதைக் கடந்த ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால், இரைப்பைப் புண்ணோ பெருங்குடற் புற்றோ உள்ளே கசிகிறதா என்று தேடுவதே முதற்கடமை. மாத்திரை எண்ணை உயர்த்திவிட்டு, கசிவை மறைத்துவிடக்கூடும்.

இரண்டாவது வகை, கலங்கள் அளவுக்கு மீறிப் பெருத்துப்போகும் சோகை. இதற்கு உயிர்ச்சத்து பி12 அல்லது போலிக் அமிலக் குறைவு காரணம். மரக்கறி மட்டுமே உண்போரிடமும், நீரிழிவுக்காக மெற்போமின் மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்போரிடமும் பி12 குறையலாம். தமிழரிடையே நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. பி12 இன்றிப் போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் சோகை தேறும், நரம்புச் சிதைவோ தொடரும். சிறுநீரகம் பழுதானவர்க்கும், எலும்பு மச்சை தளர்ந்தவர்க்கும் வரும் சோகைகள் இன்னொரு வரிசை. அவை நிபுணர்கள் பார்க்கவேண்டியவை.

மிகுதியாக ஏமாற்றுவது தலசீமியா. ஈமோகுளோபினின் புரதச் சங்கிலிகளுள் ஒன்று பரம்பரைக் குறைபாட்டால் போதிய அளவு உருவாகாமற்போவதே இது. இலங்கையில் குருநாகலில் இதற்கெனத் தனிச் சிகிச்சை நிலையமே இயங்குகிறது. குறைபாட்டை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு நோயில்லை. ஆனால் அவருடைய செங்கலங்கள் சிறுத்திருப்பதால், பரிசோதனைத் தாள் இரும்புக் குறைவைப் போலவே தோற்றம் காட்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் அளவைப் பார்த்தால் குட்டு வெளிப்படும், ஏனெனில் அது குறைந்திராது. ஈமோகுளோபினில் ஏ2 என்ற வகை 3.5 விழுக்காட்டுக்கு மேலிருந்தால், பீற்றா வகைத் தலசீமியா என்ற ஐயம் உறுதியாகும். இப்படிப்பட்டவர் ஆண்டுக்கணக்கில் இரும்பை விழுங்குவதில் பயனேதுமில்லை.

இரு பெற்றோரிடமிருந்தும் அக்குறையைப் பெற்ற குழந்தை பெரும்பாலும் குருதியேற்றத்தால் வாழ்கிறது. ஏற்றும் ஒவ்வொரு பை குருதியிலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. உடலோ நாளொன்றுக்கு ஓரிரு மில்லிகிராமை மட்டுமே இழக்கிறது. எஞ்சியது கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள எப்பென்டோர்ஃப் பல்கலைக்கழக வைத்தியசாலை மருத்துவ உலகில் பேர்பெற்றது இப்படிப் படிந்த இரும்பை அளப்பதில்தான்: ஊசியால் கல்லீரலில் துண்டெடுக்காமலே, திரவ ஹீலியத்தில் குளிர்ந்த மீகடத்தி உணரியால் அங்குள்ள இரும்பின் காந்தத் தன்மையை அளக்கும் கருவி, உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிலையங்களில் மட்டுமே இருந்த காலத்தில், அவ்வைத்தியசாலையிலும் இயங்கியது. அளந்தறிந்த மிகை இரும்பை டெபெரசிரொக்ஸ் போன்ற மாத்திரைகள் பிணைத்து வெளியேற்றுகின்றன.

ஜேர்மனியில் புதிதாய்ப் பிறக்கும் குழந்தைகளுக்கான பரிசோதனையில், ஈமோகுளோபினின் இன்னொரு பரம்பரைக் குறைபாடான அரிவாட்கல நோய் 2021 ஒக்டோபரில் சேர்க்கப்பட்டது, தலசீமியா சேர்க்கப்படவில்லை. எனவே குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியர், இருவரில் ஒருவருக்கேனும் சிறுகலச் சோகை இருந்தால், ஏ2 பரிசோதனையைக் குடும்ப வைத்தியரிடம் தாமே கேட்டுப் பெறவேண்டும். இருவருமே பீற்றா தலசீமியாவைச் சுமப்பவராயின் ஒவ்வொரு கருவிலும் கடும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.