முதற் பாளையின் சுவை



பூநகரியிலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே எண்ணற்ற பனைகள் தலையிழந்தன. அதன்பின் ஊன்றப்பட்ட விதைகள் இன்று வடலி நிலை கடந்து மரமாகி வருகின்றன. பனை பாளை தள்ள 12 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். அது ஆணா பெண்ணா என்பதும் அன்றுதான் தெரியும். அந்த வேளை இப்போது நெருங்கியுள்ளது. ஆனால், அம்முதற் பாளையின் சாற்றைச் சுவை கெடாமல் இறக்க அறிந்த கைகள் எத்தனை? இதைப் பற்றியே சில வார்த்தைகள் பேச விரும்புகின்றேன்.

மேலைநாடுகளில் வீட்டிலே முதன்முதல் பியர் வடிப்பவனுக்கும் இத்தகைய கவலை உண்டு. முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து இனிய சாறெடுத்துக் காய்ச்சும்போது, ஹொப் என்னும் கொடியின் பெண்பூவை அதில் இடுவர். தொடக்கத்திலேயே இட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு நன்கு இறங்கும். மணமோ ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைக்கும் தறுவாயில் இட்டால் மணம் தங்கும், கசப்புக் குறையும். ஆதலால் தேர்ந்தவர் பூவைப் பங்கிட்டு இருவேறு வேளைகளில் இடுவர். பொருள் ஒன்றே, வேளைதான் சுவையை வேறாக்குகின்றது.

நமது பனையிலும் வேளையே தலைமை வகிக்கின்றது. வாற்கோதுமையில் மாப்பொருளைச் சீனியாக மாற்ற மனிதன் பாடுபட வேண்டும். பனையோ நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கு மேல் சீனி கலந்த சாற்றைத் தானே தருகின்றது. அதனாலேயே ஓர் இடரும் உண்டு. முட்டியில் முதற்துளி விழுந்த கணமே, காற்றிலும் பூச்சிகளிலும் முட்டியின் சுவரிலும் உள்ள நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். சீனி மதுசாரமாகும், பின்னர் புளிப்பேறும், நாள் கடந்தால் காடியாகும். காலையில் இறக்கிய கள் இனிப்பதும், அதே கள் மாலையில் புளிப்பதும் இதனாலேயே.

கள்ளுக்கு வேண்டிய முதற்பாடம் முட்டியின் தூய்மை. மண்முட்டியின் நுண்டுளைகளிலே பழைய புளிப்பு ஒளிந்திருக்கும். நன்கு கழுவி வெயிலில் உலர்த்தாத முட்டி, எத்துணை நல்ல பாளையையும் தோற்கடித்துவிடும். நேற்றைய மண்டியிற் சிறிது விட்டுவைப்பது விரைந்து நொதிக்கத் துணைசெய்யும். அது பழமண்டியானால் கேடே விளையும். பாளையை மெல்லியதாகச் சீவுவது அடுத்த பாடம். தடித்துச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும்.

கருப்பநீருக்கு வழி வேறு. முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசினால் நொதித்தல் தடைப்பட்டுச் சாறு இனிப்பாகவே நிற்கும். ஹொப்பைப் போலவே இங்கும் அளவு பிசகலாகாது. சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளித்து, அதன் சீனி சிதைந்துவிடும். அதனை எத்தனை நாழிகை காய்ச்சினாலும் பனங்கட்டி இறுகாமல் இளகியே கிடக்கும். சுண்ணாம்பு மிகுந்தாலோ கட்டி கறுத்து, நாவிலே காரம் தட்டும். இரண்டிற்கும் நடுவே நிற்கும் அளவைத் தராசு சொல்லாது. சாற்றை முகர்ந்தும், நாவில் ஒரு துளி வைத்தும் அறிந்த முதியவரே சொல்லவல்லார். அவர் அறிந்த பின்னரே, குட்டானில் வார்த்த பனங்கட்டி பொன்னிறமாய் உறையும்.

பவேரியாவில் 1516 ஆம் ஆண்டுச் சட்டம் வாற்கோதுமை, ஹொப், நீர் என்ற மூன்றையே பியருக்கு வகுத்தது. நொதியின் பெயர் அதில் இல்லை. ஆயினும் வடிப்போர் அதன் போக்கைப் பழக்கத்தால் அறிந்திருந்தனர். நம் சீவற் றொழிலாளரும் அவ்வாறே. அவர்களது அறிவு ஏட்டில் இல்லை. மரத்தின் உச்சியிலும் அடுப்பின் அருகிலும் இருக்கின்றது.

வடலிகள் பாளை தள்ளக் காத்திருக்கும். முதியவர்களின் காலம் காத்திராது. ஆகவே இளைஞர்களே, உங்கள் ஊரில் இன்னும் தளைநார் கட்டும் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். ஒரு பருவம் அவரோடு இருந்து முட்டியை முகரக் கற்றுக்கொள்ளுங்கள். அப்போது முதற்பாளையின் சாறு வீணாகாது.