சுழிக்கு ஒரு பெயர்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், கெடாரில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகச் சொற்களோடு உறவாடிவரும் இவ்வவையில், நம் நாவில் இன்னும் தமிழ்ப்பெயர் பெறாத ஒரு குறியைப் பற்றிப் பேச விழைகின்றேன். மின்னஞ்சல் முகவரியின் நடுவே, ஆங்கில முதலெழுத்தைச் சுற்றி வால் சுழன்று நிற்கும் @ என்னும் குறியே அது.

அக்குறி புதியதன்று. 1536ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், பிளாரன்சு நகர வணிகர் பிரான்செசுக்கோ லாப்பி, செவில் நகரிலிருந்து எழுதிய மடலில், மதுச்சாடி என்னும் அளவைக் குறிக்க அதனை இட்டார். பிற்காலத்தில் ‘இன்ன விலை வீதம்’ என்னும் பொருளில் ஆங்கிலக் கணக்கேடுகளில் நிலைபெற்றுத் தட்டச்சுப் பொறியிலும் இடம்பிடித்தது. 1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், மடல் பெறுபவரின் பெயரையும் அவருடைய கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக்காட்ட ஒரு குறி தேடினார். ஆட்பெயர்களில் வாராததும், ‘இவ்விடத்தில்’ என்னும் பொருள் தருவதுமான அதனையே தெரிந்தெடுத்தார்.

அதன்பின் நிகழ்ந்ததே கவிஞர்கள் கருதத்தக்கது. மடலோடு குறியும் நாடுதோறும் சென்றது. இத்தாலியர் அதனை நத்தை என்றனர். ஒல்லாந்தர் குரங்குவால் என்றனர். டேனியர்க்கு அது தும்பிக்கை கொண்ட எழுத்து; உருசியர்க்கு நாய்; அங்கேரியர்க்குப் புழு; கிரேக்கர்க்குச் சிறு வாத்து; தைவான் மக்களுக்குச் சுண்டெலி. செக் நாட்டவர் சுருட்டி ஊறவைத்த மீனையும், இசுரேலியர் சுருள் பலகாரத்தையும் அதிற் கண்டனர். ஸ்பானியரோ ‘அரோபா’ என்னும் பழைய எடைப்பெயரால் அழைத்தனர். ‘காற்பகுதி’ எனப் பொருள்படும் அரபுச்சொல்லின் வழி வந்தது அது. இப்பெயர்களுட் பெரும்பாலன அகராதிக் குழுவில் பிறந்தவை அல்ல. கண்டோர் கண்டவாறே பெயரிட்டனர். ஊர் அதனை ஏற்றது.

நாமோ ‘அட் த ரேட்’ என்கின்றோம். ‘கிலோ நாற்பது ரூபாய் வீதம்’ என்பதற்குரிய கணக்குத் தொடர் அது. முருகன் என்பார் தம் முகவரியை அவ்வாறு சொல்லும்போது, தம்மையே விலைகூறுகின்றார்! 2016இல் கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வந்தபின், அக்குறி காய்கறிக் கடை வரை வந்துவிட்டது. கடிதம் எழுதாதவரும் இன்று அதனைச் சொல்கின்றார்.

குறிகளுக்குப் பெயரிடத் தமிழர் அறியாதவரா? எழுத்தின் முன்னே வளைந்து நிற்பதைக் கொம்பு என்றோம். பின்னே நிற்பதைக் கால் என்றோம். ஏட்டின் தலையில் இடுவதைப் பிள்ளையார் சுழி என்றோம். மாட்டின் உறுப்பும் மனிதர் உறுப்பும் தெய்வத்தின் பெயரும் நம் எழுத்தில் உள்ளன. ‘மின்னஞ்சல்’ என அழகிய சொல் கண்ட நாம், அதன் நடுவிலுள்ள குறியை மட்டும் பெயரின்றி விட்டுவிட்டோம்.

முறுக்கு, சிலேபி, நத்தை எனப் பல பெயர்கள் அன்பர்களின் நெஞ்சில் இப்பொழுதே எழக்கூடும். அவை வடிவத்தைச் சொல்வன. அதன் தொழிலைச் சொல்லா. அடியேன் முன்வைக்கும் பெயர் ‘கண்’. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு இட்ட பெயரே ‘கண்’. இடப்பொருள் உணர்த்துவது அவ்வேற்றுமை. டாம்லின்சன் அக்குறிக்குத் தந்த வேலையும் அதுவே. வடிவை நோக்கினும், நடுவே மணியும் சுற்றிலும் இமையுமாக அது விழியே. மயிற்பீலியிலும் தேங்காயிலும் வலையிலும் கண் கண்டவர்க்கு இங்குக் காண்பது அரிதன்று. ஆங்கிலச் சொல்லைப் போலவே ஓரசையாதலின், சொல்வதற்கும் எளிது.

எனினும் மேடையில் சொன்னமையால் ஒரு பெயர் வாழ்ந்துவிடாது. தொலைபேசியில் முகவரி சொல்லுங்கால் கேட்பவர், ‘என்ன சொன்னீர்கள்?’ என்று வினவுவார். அவ்வினாவிற்குச் சலியாமல் விடை சொல்லும் பொறுமை நமக்கு வேண்டும். ‘கண்’ணினும் சிறந்த பெயரொன்றை உங்களுள் ஒருவர் தருவாராயின், மகிழ்ந்து ஏற்பேன். பதினோராம் ஆண்டில் நாம் மீண்டும் கூடும்போது, ஏதேனும் ஒரு தமிழ்ப்பெயர் நம் நாவில் பழகியிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.