ஊர்வாயும் உள்ளச் சான்றும்
(மன்னவனூரில் ஆற்றிய உரை)

மன்னவன் பெயரால் அமைந்தது உங்கள் ஊர். இவ்வூரில் நின்று, மன்னவன் இன்றியே நடைபெறும் ஓர் ஆட்சியைப் பற்றிப் பேச விழைகின்றேன். அவ்வாட்சிக்கு எழுதிய சட்டம் இல்லை, படை இல்லை, சிறைக்கூடம் இல்லை. ஆயினும் தொட்டில் முதல் சுடுகாடு வரை அது நம்மை ஆள்கின்றது. ‘நாலுபேர் என்ன சொல்வார்கள்?’ என்பதே அதன் ஆணை.

அயலார் களத்தில் உலரும் வெள்ளைப்பூண்டில் ஒரு கட்டை எடுத்துச்செல்ல ஏன் நம் கை கூசுகின்றது? காவலர்க்கு அஞ்சியா? இல்லை. நாளை ஊரார் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்னும் நாணத்தாலேயே. இவ்வாட்சியின் கருவிகளை எண்ணிப் பாருங்கள். முதலில் ஒரு புன்சிரிப்பு, அடுத்து ஒரு பட்டப்பெயர், பிறகு பேச்சை நிறுத்துதல், அதன்பின் நன்மை தீமைக்கு அழையாமை, இறுதியில் ஊர்விலக்கம். அடியின்றி, தடியின்றி மாந்தனை வழிக்குக் கொணரும் படிநிலைகள் இவை.

குமுகவியலார் இதனை இன்று விரித்தெழுதுகின்றனர். நம் முன்னோரோ இதற்கு நுண்ணிய பெயர்களே இட்டிருந்தனர். வாய்விட்டுச் சொல்லாமல் குறிப்பாய் முகிழ்ப்பது அம்பல். வெளிப்பட்டு மலர்வது அலர். பழிச்சொல்லை அரும்பாகவும் மலராகவும் கண்ட மொழி நம்மொழி! வள்ளுவர் பெருமான் ‘நாணுடைமை’ என ஓர் அதிகாரமும், ‘அலரறிவுறுத்தல்’ என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். உள்ளிருந்து காப்பது நாண். வெளியிருந்து வருத்துவது அலர். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டதே நம் கேடு.

ஊர்க்கட்டு முழுவதும் தீதென்று நான் கூறவில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைப் புகலிடத்தை அடுத்துக் கொள்ளுக்குடிப்பட்டி என்றொரு சிற்றூர் உள்ளது. கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடும் என்று, அவ்வூரார் தீபாவளி நாளிலும் வெடி வெடிப்பதில்லை. இஃது ஊர் தானே தனக்கு இட்டுக்கொண்ட கட்டு. பிள்ளைகளும் அதனை ஏற்றுப் பல்லாண்டுகளாகக் காத்துவருகின்றனர்.

இன்னொன்று கேளுங்கள். பெயருக்குப் பின்னே சாதிப்பட்டம் ஒட்டுவது ஒரு காலத்தில் பெருமை. பெரியார் 1927-இல் தம் பெயரினின்று அதனை நீக்கினார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்க மாநாடு, சாதிப்பட்டங்களை விடுமாறு அனைவரையும் வேண்டியது. பட்டம் போடுவோர்க்குத் தண்டம் என்று எச்சட்டமும் பிறக்கவில்லை. ஆயினும் இன்று தமிழ்நாட்டில் பெயரோடு சாதியைச் சேர்த்தெழுதப் பெரும்பாலோர் கூசுகின்றனர். பெருமையாயிருந்தது நாணத்தக்கதாயிற்று! ஊர்வாயைத் திருப்ப முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆனால், பெயரின் வால் அறுந்ததேயன்றிச் சாதியின் வேர் அறவில்லை. தேநீர்க்கடையில் ஒரு சாராருக்குத் தனிக்குவளை வைத்ததும் இதே ஊர்க்கட்டுதான். மனம் ஒத்து மணந்த இளையோரைப் பெற்றோரே கொல்லுமாறு தூண்டுவதும் ‘ஊர் சிரிக்கும்’ என்னும் அச்சந்தான். 2011-இல் உச்ச நயன்மன்றம், தமிழகத்தினின்று சென்ற ஒரு வழக்கில், இரட்டைக் குவளையைக் கடுமையாகக் கண்டித்தது. கட்டைப் பஞ்சாயத்துகள் சட்டத்திற்குப் புறம்பானவை என்றும் தீர்ப்புரைத்தது. தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் ஊர்விலக்கம் செய்வது குற்றம் என்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் திருத்தமும் செய்யப்பட்டது. தன்மானத் திருமணத்தைச் சட்டம் ஏற்று 1968-ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் உள்ளது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வாயிலில் நின்று மறிப்பது நம் ஊர்வாய்!

பிறரைக் குறை கூறிவிட்டு நான் தப்பிக்கொள்ள விரும்பவில்லை. பல்லாண்டுகட்கு முன், சமவெளியில் ஓர் ஊரில் ஆசிரியனாயிருந்தேன். என்னிடம் தமிழ் பயின்ற பெண்ணொருத்தி, வேறு சாதி இளைஞரைத் தமிழ்முறையில் மணக்கத் துணிந்தாள். அழைப்பிதழைக் கொணர்ந்து, “ஐயா, நீங்கள்தாம் வந்து வாழ்த்த வேண்டும்” என்றாள். ஒப்புக்கொண்டேன். அன்று மாலை தெருமுனையில் இருவர், “என்ன புலவரே, நீரும் அங்குப் போகிறீரோ?” என்று நகைத்தனர். அவ்வளவே. எவரும் மிரட்டவில்லை, எவரும் தடுக்கவில்லை. திருமண நாளன்று காய்ச்சலென்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். வகுப்பறையில் ஆண்டு முழுவதும் ஒப்புரவு பேசிய வாய், ஒரு நகைப்புக்கு அடைத்துப்போயிற்று.

பின்னொருநாள் பேருந்து நிலையத்தில் அவளைக் கண்டேன். வணங்கினாள், இடுப்பிலிருந்த குழந்தையைக் காட்டினாள். ஏன் வரவில்லை என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் கேளாமை இன்றளவும் என்னைச் சுடுகின்றது. அன்று எனக்கிருந்தது அலருக்கு அஞ்சிய அச்சம். நாண் இருந்திருப்பின், படுக்கையிலிருந்து எழுந்து போயிருப்பேன்.

ஆகவே, ஒரு கட்டுப்பாட்டை ஏற்குமுன் இரண்டு வினாக்களை எழுப்புங்கள். இஃது எளியாரைக் காக்கின்றதா, எளியாரை நசுக்குகின்றதா? இதனை எல்லார்க்கும் ஒப்ப வைத்திருக்கின்றோமா, ஒரு சிலர் தலையில் மட்டும் சுமத்துகின்றோமா? பறவைக்காக வெடியை விலக்கிய கட்டு, இரு வினாவுக்கும் நேர்நின்று விடை கூறும். தனிக்குவளை எதற்கும் விடை கூறாது. அத்தகைய கட்டினை, ஊரே திரண்டு வந்து கூறினும் ஒப்பற்க.

இறுதியாக ஒன்று. அந்த ‘நாலுபேர்’ யாவர்? வானத்தினின்று இறங்கியவரல்லர், இங்கு அமர்ந்திருக்கும் நாமே! பழி பேசும் நால்வருள் ஒருவர் வாய்மூடினால், அலர் அந்த அளவுக்கு மெலியும். அவரே எழுந்து, “அந்தத் திருமணத்திற்கு நான் போகின்றேன், நீங்களும் வாருங்கள்” என்று கூறுவாராயின், அன்றே புதியதோர் ஊர்வாய் பிறக்கும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள். காலங்கடந்தாயினும், நானும் இருப்பேன்.