பொங்கல் மேடையில் அமுதசுரபி



பொங்கல் விழாவில் நம் சிறுவர் காட்டிய ‘அமுதசுரபி’ வித்தையின் கலத்தைச் செய்த விதத்தைக் கூறுமாறு பணித்தீர்கள். மணிமேகலை அப்பாத்திரம் பெற்ற மணிபல்லவமும் ஒரு தீவே. ஆகையால் அந்தமானில் வாழும் நமக்கும் அதில் சிறிது உரிமை உண்டு! வங்கத்து மாயவித்தைக் கலைஞர் பி. சி. சர்க்கார் (1913–1971) இவ்வித்தையை ‘வாட்டர் ஆப் இந்தியா’ என்ற பெயரில் பல நாடுகளில் காட்டினார்.

பெரிய சொம்பினுள் சிறிய சொம்பை வைத்து, இரண்டின் விளிம்பையும் பற்றவைத்தோம். இடைவெளியில் நீர் நிற்கும். உட்சொம்பின் அடியில் ஒரு துளை. வெளிச்சொம்பின் கழுத்தில் ஓர் ஊசித்துளை. கழுத்துத் துளையை விரலால் அடைத்தால் காற்றுப் புகாது. காற்றுப் புகாவிடில் நீரும் உள்ளே வடியாது. கவிழ்த்துக் காலியென்று காட்டி, நிமிர்த்தி, விரலை எடுத்துச் சற்றுப் பொறுத்தால் உட்சொம்பில் மீண்டும் நீர்!

சொல்வது எளிது. முதற்சொம்பின் பற்றாசில் மயிரிழை போன்ற ஓட்டை; விரல் அடைத்தும் நீர் வடிந்தது. ஒத்திகையில் சிறுவர் நகைத்தனர். மூன்றாம் சொம்பே கைகொடுத்தது.

பால் ஊற்றலாகாதா என்றனர் சிலர். இரு சுவர்களின் இடையைத் தேய்த்துக் கழுவ இயலாது. நம் தீவின் புழுக்கத்தில் பால் விரைவில் திரியும். அன்றியும், நாங்கள் வைத்த பற்றாசில் காரீயம் உண்டு, அது நஞ்சு. எனவே வெறும் நீரே ஊற்றினோம்.

காட்சி முடிந்ததும் ஒரு சிறுமி குவளையேந்தி மேடைப் படியருகே நின்றாள். “மாமா, எனக்கும் கொஞ்சம்” என்றாள். குடிக்கத் தகாத அமுதசுரபி! அவளிடம் இரகசியம் காப்பது முறையன்று எனப்பட்டது. சொம்பைக் கொடுத்து, துளையை அவள் விரலாலேயே அடைக்கச் செய்தேன். நெடுநேரம் அடைத்தும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் சமையற்கட்டிலிருந்து அவள் குவளை நிறையப் பொங்கல் வாங்கித் தந்தோம்.