வெப்பப் படம் எப்போது சான்றாகும்?

கையடக்க வெப்பப்படக் கேமராவைக் கொண்டு இயந்திரங்களையும் மின்கருவிகளையும் சோதிப்பது பற்றிய கருத்தரங்கு இது.

1800-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒளியே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேதான் சூடு அதிகமாகப் பதிவாயிற்று. கண்ணுக்குத் தெரியாத அந்த அகச்சிவப்புக் கதிரைப் படமாக்கும் கருவிகள் நெடுங்காலம் பெரும்பாலும் ராணுவத்தின் கையிலேயே இருந்தன. குளிரூட்டத் தேவையில்லாத மைக்ரோபோலோமீட்டர் உணரிகள் 1990-களில் பொதுச் சந்தைக்கு வந்த பிறகுதான் கேமரா கைக்கு அடக்கமாயிற்று. இன்று அது எலக்ட்ரீஷியனின் பைக்குள் வந்துவிட்டது. ஆகவே கருவியின் பெருமையைப் பேசி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. என் கேள்வி ஒன்றுதான்: வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு ஆட்கள் ஒரே பேனலைப் படமெடுத்தால், அந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடியுமா?

கேமரா வெப்பநிலையை நேராக அளப்பதில்லை. பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, நாம் உள்ளிட்ட எண்களை நம்பிக் கணக்குப் போடுகிறது. அவற்றில் முதன்மையானது உமிழ்திறன், அதாவது பரப்பு எவ்வளவு நன்றாக அகச்சிவப்பை உமிழ்கிறது என்பதைச் சொல்லும் எண். இன்சுலேஷன் டேப்புக்கு அது 0.95-ஐ ஒட்டி இருக்கும். மெருகேறிய செம்புப் பஸ்பாருக்கு 0.1-ஐக்கூடத் தொடாது. 0.95 என்று வைத்த கேமராவை அந்தப் பஸ்பாரை நோக்கிப் பிடித்தால் திரையில் தெரிவது பெரும்பாலும் எதிரொளிப்பு. சில வேளைகளில் படமெடுப்பவரின் உடல் சூடே ‘ஹாட் ஸ்பாட்’ ஆகிவிடும். ஓரடி தள்ளி நின்று பாருங்கள். புள்ளியும் கூடவே நகர்ந்தால் அது பழுதல்ல. ஷட்டவுன் கிடைக்கும்போது கேபிள் முனையிலுள்ள லக்கை ஒட்டி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால், அடுத்த முறை யார் வந்தாலும் குறி அதே இடத்தில் விழும்.

அடுத்தது தொலைவு. 24 பாகைக் கோணமும் 320 × 240 படப்புள்ளிகளும் கொண்ட கேமராவில், ஒரு புள்ளி ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1.3 மி.மீ. அகலத்தைப் பார்க்கிறது; பத்து மீட்டரில் 13 மி.மீ. அளவை நம்ப வேண்டுமானால் குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளிகளாவது இலக்கின் மேல் விழ வேண்டும். தரையில் நின்று பத்து மீட்டர் உயரத்துக் கிளாம்பைப் பார்ப்பவருக்கு, 4 செ.மீ.யைவிடச் சிறிய எதன் வெப்பநிலையும் பின்னணி வானத்தின் குளிரோடு கலந்தே கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் விட்டுப்போவது லோடு. ஒரு கணக்கைப் பார்ப்போம். சூழல் வெப்பம் 35 டிகிரி. ஆர், ஒய் ஃபேஸ் லக்குகள் 40; பி ஃபேஸ் 55. சூழலைவிட இருபது டிகிரிதானே என்று அடுத்த பேனலுக்குப் போய்விடலாம். ஆனால் அந்நேரம் ஓடியது பாதி லோடு. இணைப்பில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியாக ஏறுவதால், முழு லோடில் அந்த 20 டிகிரி 80-ஐ நெருங்கலாம். சூடு ஏற ஏறக் காற்றும் கதிர்வீச்சும் கூடுதலாக இழுத்துக்கொள்வதால் நடைமுறையில் சற்றுக் குறையும். அப்படிக் குறைந்தாலும், 70 டிகிரி வரம்புள்ள சாதாரண பி.வி.சி. கேபிள் அதைத் தாங்காது. ஆம்பியர் எழுதாத படத்தில் இந்த எச்சரிக்கை இருக்கவே இருக்காது.

வண்ணமும் ஏமாற்றும். தானியங்கி அளவுகோலில் விட்டால், இரண்டு டிகிரி வித்தியாசத்தைக்கூட கேமரா செக்கச்செவேல் என்று காட்டி மேலாளரைப் பதற வைக்கும். போன மாதம் அதே சிவப்பு நாற்பது டிகிரி வித்தியாசத்தைக் குறித்திருக்கும். அளவுகோலின் மேல் கீழ் எல்லைகளைப் பூட்டிவைக்காத இரண்டு படங்களைக் கண்ணால் ஒப்பிடுவதில் பயனில்லை.

ஐ.எஸ்.ஓ. 18434-1 இத்துறைக்கான பொது நடைமுறையை வகுத்திருக்கிறது. படமெடுப்பவரின் தகுதிக்கு 18436-7 இருக்கிறது. தரநூல்கள் இருந்தும் பல இடங்களில் அவை மேசையைத் தாண்டி ஷிஃப்ட் ஆளின் கைக்கு வருவதில்லை. அவர் கையில் இருக்க வேண்டியது, தமிழில் ஒரு பக்கப் பதிவுத்தாள்: நின்ற இடம், தொலைவு, உமிழ்திறன், சூழல் வெப்பம், ஓடிய ஆம்பியர், திறந்தவெளியானால் காற்றும் வெயிலும். நிற்குமிடத்தைத் தரையில் பெயின்ட்டால் குறிப்பதற்கு ஆகும் செலவு ஒரு தூரிகைதான்.

எனவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் படங்களைத் திரையிடும்போது, பழுது எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதோடு நிறுத்தாமல், இன்னொருவர் அதே படத்தை மறுபடி எடுக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். களப்பணியாளர்கள் தயங்காமல் குறுக்கிட்டு, இது எங்கள் ஷிஃப்டில் நடக்காது என்றால் ஏன் என்று சொல்லுங்கள். அந்த இரண்டும் சேர்ந்தால்தான் பதிவுத்தாளில் எந்தக் கட்டம் வேண்டும், எது வீண் என்று நிறைவு அமர்வில் நாம் முடிவு செய்ய முடியும். அந்த வேலையை உங்களிடம் ஒப்படைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.