வங்கி கைமாறும்போது



கொடைக்கானல் மலையில் கவுஞ்சியிலோ மன்னவனூரிலோ பூண்டு போடும் ஒருவருக்கு, சிங்கப்பூர் வங்கிக்காரர்கள் எதை வாங்கினால் நமக்கென்ன என்று தோன்றலாம். வடுகபட்டிச் சந்தையில் மூட்டை விலைபோய், காசு கணக்கில் ஏறிவிட்டால் கவலை தீர்ந்தது. ஆனால் அந்தக் கணக்கு இருக்கும் வங்கியே வேறு நாட்டு வங்கியின் கைக்குப் போனால்? தமிழ்நாட்டிலேயே அப்படி நடந்திருக்கிறது.

1926-இல் கரூரில், வி.எஸ்.என். ராமலிங்க செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் சேர்ந்து தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. ஊர் வியாபாரிகளையும் விவசாயிகளையும் நம்பி வளர்ந்த வங்கி அது. பின்னாளில் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள் வாராக்கடன் ஆயின, மூலதனம் கரைந்தது. 2020 நவம்பர் 17 அன்று வங்கியிலிருந்து பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. ஒரு மாதத்துக்கு 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மருத்துவம், படிப்பு, கல்யாணம் போன்ற செலவுகளுக்கு மட்டும் விலக்கு கேட்கலாம். விதைப்பூண்டு வாங்கி, ஆள் கூலியும் கொடுக்க வேண்டிய நேரத்தில் 25,000 எந்த மூலைக்கு?

பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அதன் கிளைகள் அனைத்தும் சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைந்தன. புதிய மூலதனமாக 2,500 கோடி ரூபாய் வந்தது. சுமார் 20 லட்சம் பேரின் வைப்புத் தொகை காப்பாற்றப்பட்டது. ஆனால் அதே வங்கியின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை. வங்கி வெளியிட்ட 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களும் தள்ளுபடி ஆயின. வங்கி ஒன்றுதான், கையிலிருந்த காகிதம் வேறு வேறு. யார் தப்பினார், யார் இழந்தார் என்பதை அந்தக் காகிதமே தீர்மானித்தது.

வெளிநாட்டு வங்கியோடான எல்லா உறவும் இப்படி முழுதாக விழுங்குவதில் முடிவதில்லை. 2025-இல் ஜப்பானின் சுமிடோமோ மிட்சுயி வங்கி, நம் நாட்டு யெஸ் வங்கியில் முதலில் 20 சதவீதப் பங்கை வாங்கியது. பெயர்ப் பலகை மாறவில்லை. கடல் தாண்டுவது நம் வங்கிகளுக்கும் புதிதல்ல: 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார்.

ஆகவே வெளிநாட்டு வங்கி என்றாலே பயப்பட வேண்டாம். இந்தியாவில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் நடத்தினால், எந்த நாட்டு வங்கியும் தன் கடனில் 18 சதவீதத்தை விவசாயத்துக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மலைக்காட்டு விவசாயிக்கும் அதில் பங்கு உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வங்கியில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ரசீது வைப்புத் தொகைக்கா, பங்குக்கா, பத்திரத்துக்கா? புரியாவிட்டால் படித்த பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஒரே வங்கியில் எத்தனை கிளைகளில் போட்டிருந்தாலும், வட்டியும் சேர்த்து ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு. அதற்கு மேல் சேமிப்பு இருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். வங்கி கைமாறுகிறது என்று கேள்விப்பட்டால், நகைக்கடன் வட்டியும் வைப்பு வட்டியும் இனி என்ன என்று கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்வது அவர் கடமை.