சார்ந்தவர் என்று எழுதும் முன்

(திருவொற்றியூரில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் எண்ணூரிலிருந்து ஒரு தங்கை போன் செய்தாள். அமெரிக்காவில் முனைவர் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கணவருக்கும் அங்கேயே வேலை. "அக்கா, அவரு விசாவுலயே போயிட்டா செலவு மிச்சம்னு எல்லாரும் சொல்றாங்க. போயிடட்டுமா?" என்றாள். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நானும் நின்றேன்.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நாங்கள் இருந்த வீட்டுக்குப் பத்திரம் கிடையாது. அடமானம் வைக்க ஒன்றும் இல்லாத வீட்டில், கணவரின் விசாவில் போவது என்பது இலவசமாகக் கிடைத்த டிக்கெட் மாதிரி தெரியும். அதனால்தான் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4 சார்பு விசா. அதில் முழுநேரம் படிக்கலாம். ஆனால் சம்பளம் வாங்க முடியாது. கணவரின் கிரீன் கார்டு வேலைகள் ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகுதான் மனைவி வேலை அனுமதி கேட்கலாம். முனைவர் பட்ட மாணவர்களுக்கு அங்கே தரும் உதவித்தொகை பெரும்பாலும் பாடம் நடத்துவதற்கும் ஆய்வு வேலைக்கும் தரும் சம்பளம்தான். எச்-4-இல் போனால் அது போய்விடும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு 350 டாலர் சேவிஸ் கட்டணம் கூடுதலாக ஆகும். ஆனால் படிக்கும்போது வாரம் 20 மணி நேரம் வளாகத்தில் வேலை பார்க்கலாம். படித்து முடித்ததும் 12 மாதம் துறை சார்ந்த வேலை செய்யலாம், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பு என்றால் இன்னும் 24 மாதம். எச்-4-இல் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். மாற்றலாம், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நான் எஃப்-1 கேட்டேன். "உங்கள் கணவர் அங்கே இருக்கிறார். படிப்பு முடிந்து நீங்கள் ஏன் திரும்பி வருவீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டார்கள். திரும்புவேன் என்று காட்டுவது மாணவர் விசாவின் நிபந்தனை. என்னிடம் காட்டச் சொத்து இல்லை. "என் ஆய்வு துறைமுகத் தொழிலாளர் வரலாறு. அதற்கான மனிதர்கள் ராயபுரத்தில்தான் இருக்கிறார்கள்" என்றேன். விசா கிடைத்தது.

இரண்டாம் ஆண்டில் இணையருக்கு வேலை போனது. எச்-1பி-இல் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். நான் எச்-4-இல் இருந்திருந்தால் அவரோடு நானும் பெட்டி கட்டியிருப்பேன், படிப்பு பாதியில் நின்றிருக்கும். நடந்தது வேறு. அவர் எஃப்-2-க்கு, அதாவது என்னைச் சார்ந்தவராக, மாறினார். அதில் வேலை செய்யவே முடியாது. ஒரு வருடம் என் சம்பளத்தில் வாடகை கொடுத்தோம், அவர் சமைத்தார். "சார்ந்தவர்னா என்னன்னு இப்பதான் புரியுது" என்றார் ஒரு நாள். எங்கள் சாதி மறுப்புத் திருமணத்தை எப்படியோ சகித்துக்கொண்ட அவர் வீட்டார், இதைச் சகிக்கவில்லை. "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிடுறான்" என்று தண்டையார்பேட்டை வரை பேச்சு.

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. பிரிட்டனில் திறன் பணியாளர் விசாவில் இருப்பவரின் இணையர் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் வேலையும் செய்யலாம், படிக்கவும் செய்யலாம். உடனே சம்பாதித்தாக வேண்டிய பெண்ணுக்கு அங்கே சார்பு விசாவே உதவும். மாறாக, 2024 ஜனவரி 1 முதல் அங்கே சாதாரண முதுகலைப் படிப்புக்குப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. முனைவர் பட்டம், ஆய்வுவழி முதுகலை, அரசு உதவித்தொகை என்றால் முடியும். கணவர் நம்மைச் சார்ந்தவராக வரலாமே!

அண்ணல் அம்பேத்கர் 1913-இல் பரோடா உதவித்தொகையில் கொலம்பியா போனார். ரமாபாய் அம்மையார் பம்பாயில் வறுமையோடு கிடந்தார். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததும், லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு அண்ணல் ஊர் திரும்பினார். 1920-இல் தன் சேமிப்போடும் நண்பர்கள் உதவியோடும் மறுபடி போய்த்தான் முடித்தார். யார் கையில் நம் காலக்கெடு இருக்கிறதோ, அவர் கையில்தான் நம் படிப்பும் இருக்கிறது.

அதனால்தான் அரசு உதவித்தொகைகள் நமக்கு உயிர். தமிழ்நாடு அரசு அண்ணல் பெயரிலேயே அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை தருகிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கிறது. ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அது கிடையாது என்று 2022-இல் விதியை மாற்றிவிட்டார்கள். சாதியைப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்திய விதி அது. அதை நீக்கும்வரை நாம் பேச வேண்டும்.

எண்ணூர்த் தங்கையிடம் ஒன்றுதான் கேட்டேன். "சேர்க்கைக் கடிதத்துல உனக்குச் சம்பளம் போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்கக்கா."

"அப்ப உன் பேர்லயே போ."